ஹீமோகுளோபின் செய்வது எப்படி? செல் தம்பிக்குச் சில யோசனைகள்

தம்பி, எலும்பு மஜ்ஜைக்குப் புதிதாக வந்திருக்கிறாய், சிவப்பணு ஆகப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். உன் வம்சம் இந்தத் தொழிலைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துவருகிறது. எங்கள் ஆட்கள் அதை எட்டிப் பார்க்கத் தொடங்கியே எழுபது ஆண்டுகள்தான் ஆகின்றன. இருந்தாலும் கேட்காதவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து யோசனை சொல்வது எங்கள் ஊரில் நெடுநாள் பழக்கம். காதைக் கொடு.

முதலில் வேலையின் அளவைத் தெரிந்துகொள். வளர்ந்த மனித உடலில் நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் புதிதாக உருவாகின்றன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒரு மூலக்கூறுக்கு ஆல்ஃபா சங்கிலி இரண்டு, பீட்டா சங்கிலி இரண்டு. கணக்குப் போட்டுப் பார்: நீ ஒரு ஆள் மட்டும் நூறு கோடிச் சங்கிலிக்கு மேல் கோத்து முடிக்க வேண்டும். அவகாசம் ஒரு வாரம் சொச்சம். மேலதிகாரி கிடையாது, சம்பளம் கிடையாது. ஓவர்டைம் மட்டும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எந்தப் பக்கத்தைத் திறப்பது

உன் உட்கருவுக்குள் இரண்டு மீட்டர் டிஎன்ஏ சுருண்டு கிடக்கிறது. அம்மா கொடுத்தது ஒரு படி, அப்பா கொடுத்தது ஒரு படி. ஒரு படிக்குச் சுமார் 300 கோடி எழுத்து. வகை என்று பார்த்தால் நான்கே எழுத்துதான்: ஏ, டி, ஜி, சி. எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிட்டு நிதானமாகத் தொடங்கலாம் என்று நினைத்தால் உருப்பட மாட்டாய். புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் சுமார் 20,000. அவற்றில் புரதமாக மாறும் எழுத்துகள் மொத்தத்தில் 2 சதவீதம்கூட இல்லை. அதிலும் உனக்கு முக்கியமானவை இரண்டே இடம். ஆல்ஃபா 16-ஆவது குரோமோசோமில், பீட்டா 11-ஆவது குரோமோசோமில்.

11-ஐத் திறக்கும்போது கவனம். இன்சுலினுக்கான மரபணுவும் அதே குரோமோசோமில்தான் இருக்கிறது. அது கணையத்துக்காரர்களின் சமாச்சாரம், உனக்கு வேண்டாம். பீட்டாவுக்குப் பக்கத்திலேயே காமா என்று ஒன்று இருக்கும். கருவில் இருக்கும் பிள்ளை தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை வாங்க வேண்டும் அல்லவா? அதற்காக ஆக்சிஜனை இன்னும் இறுக்கிப் பிடிக்கும் ஹீமோகுளோபின் தேவை. அதற்கான சங்கிலி அது. பிறந்த சில மாதங்களில் பிசிஎல்11ஏ என்ற புரதம் முன்னின்று அந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் மூடிவிடும். பெரியவர்கள் மூடிய பக்கத்தைக் கிளறாதே. இந்த யோசனையை நானே பிறகு மாற்றிச் சொல்லப்போகிறேன். அதுவரை இதைப் பிடித்துக்கொள்.

பீட்டாவை உரக்கப் படிக்கவைக்கும் சுவிட்ச் அந்த மரபணுவின் மேல் இல்லை, பல்லாயிரம் எழுத்துகள் தள்ளி இருக்கிறது. காட்டா-1 போன்ற புரதங்கள் டிஎன்ஏவை வளைத்து இரண்டையும் அருகே கொண்டுவரும். ஏன் இவ்வளவு தொலைவில் வைத்தார்கள் என்று கேட்காதே. பழைய வீட்டில் குடியேறுபவன் ஒயரிங்கைக் கேள்வி கேட்கக் கூடாது.

நகல் எடு, வெட்டு, ஒட்டு

அசல் உட்கருவுக்குள்ளேயே இருக்கட்டும்; நகல்தான் வெளியே போகும். நகலெடுப்பது ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 என்ற நொதி. ‘டி’ வர வேண்டிய இடங்களில் அது ‘யு’ என்று எழுதும்; கண்டுகொள்ளாதே. நகலின் தலை வெளியே வந்ததுமே ஒரு தொப்பி மாட்டு. முடிந்ததும் வாலில் வரிசையாக இருநூறு ‘ஏ’ வரை சேர். தொப்பியும் வாலும் இல்லாமல் போகும் ஆர்என்ஏவைத் தின்று தீர்ப்பதற்கென்றே நொதிகள் காத்திருக்கின்றன.

அடுத்தது கத்தரி வேலை. பீட்டா மரபணு சுமார் 1,600 எழுத்து. நடுவே 130 எழுத்தில் ஒன்று, 850 எழுத்தில் ஒன்று என இரண்டு இடைச்செருகல்கள். இன்ட்ரான் என்பார்கள். இவை புரதத்துக்குள் போவதில்லை. வெட்டி எடுத்துவிட்டு மீதியை ஒட்ட வேண்டும். 1977-ல் பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவரின் குழுக்களும் இந்தச் சங்கதியைக் கண்டுபிடித்தபோது எங்கள் ஆட்கள் வாயடைத்துப் போனார்கள். வெட்டி எறிவதற்கென்றே யாராவது பக்கம் பக்கமாக எழுதுவார்களா? எழுதுவார்கள் போலிருக்கிறது. தசையில் இருக்கும் உன் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பார். டிஸ்ட்ரோஃபின் மரபணு 20 லட்சம் எழுத்துக்கு மேல். நகலெடுக்கவே சுமார் 16 மணி நேரம். அதில் 99 சதவீதத்துக்கு மேல் கத்தரிக்கு இரை. உனக்கு வாய்த்தது சின்ன மரபணு. புலம்பாதே.

வெட்டும் இடம் மட்டும் ஓர் எழுத்துகூடப் பிசகக் கூடாது. பீட்டாவின் முதல் இடைச்செருகலில் ஐந்தாவது எழுத்து ‘ஜி’. அது ‘சி’ என்று மாறியிருந்தால் கத்தரி தடுமாறிக் கண்ட இடத்தில் வெட்டும். ஒழுங்கான நகல் மிகச் சொற்பமாகத்தான் தேறும். இந்தியாவில் பீட்டா தலசீமியா என்ற ரத்த நோய்க்குக் காரணமான பிழைகளில் மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான். புரதத்துக்குள் நுழையவே போகாத ஓர் எழுத்து, மாதாமாதம் ஒரு குழந்தையை ரத்தம் ஏற்றும் படுக்கைக்குக் கொண்டுவருகிறது.

யாரை நம்புவது

கத்தரித்து முடித்த நகல் 600 எழுத்துக்குச் சற்று மேல். இதற்குத் தூது ஆர்என்ஏ என்று பெயர். இதை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க வேண்டும். மூன்றெழுத்துச் சொற்கள் மொத்தம் 64. அவற்றில் 61 சொற்கள், சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களைக் குறிக்கும். மீதி மூன்றும் ‘நிறுத்து’ என்று சொல்லும். இந்த அகராதியை எங்கள் ஆட்கள் புரட்டத் தொடங்கியது 1961-ல். அமெரிக்காவின் பெதஸ்டாவில் மார்ஷல் நிரன்பர்க்கும் ஹைன்ரிக் மத்தாயும் ‘யு’ மட்டுமே கொண்ட ஆர்என்ஏவைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஃபீனைல் அலனின் மட்டுமே கோத்த சங்கிலி வந்தது. ஹர் கோவிந்த் கொரானா எழுத்துகளை விதவிதமான வரிசையில் கோத்து ஆர்என்ஏ செய்து மீதியை அவிழ்க்க உதவினார். 1966-க்குள் அகராதி முடிந்துவிட்டது. அதை மனப்பாடம் செய்ய வேண்டுமோ என்று பயப்படாதே. உனக்குள் யாரும் அதைப் படித்ததே இல்லை.

பிறகு எப்படி வேலை நடக்கிறது? நடுவில் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று 1955-லேயே ஊகித்தவர் பிரான்சிஸ் கிரிக். ஒரு முனையில் மூன்றெழுத்தைப் பொருத்திப் பார்க்கவும் மறுமுனையில் அமினோ அமிலத்தைச் சுமக்கவும் தெரிந்த ஆள். சில ஆண்டுகளில் பால் ஜமெக்னிக், மாலன் ஹோக்லண்ட் குழுவினர் அந்த ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். அதுதான் கடத்து ஆர்என்ஏ.

பெரும்பாலான வழிகாட்டிகள் இங்கிருந்து நேராகச் சங்கிலி கோர்க்கும் ரைபோசோமுக்குத் தாவிவிடுவார்கள். நான் தாவ மாட்டேன். கடத்து ஆர்என்ஏவின் முதுகில் சரியான அமினோ அமிலத்தை ஏற்றிவிடுவது யார் என்று அவர்கள் சொல்வதே இல்லை. அந்த வேலையைச் செய்பவை சிந்தடேஸ் நொதிகள். எந்தக் கடத்து ஆர்என்ஏவுக்கு எந்த அமினோ அமிலம் என்று இரண்டு பக்கமும் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பவை உனக்குள் இவை மட்டுமே. மரபணு அகராதி எங்காவது இருக்கிறது என்றால் இவற்றிடம்தான் இருக்கிறது. இவற்றுக்குப் புகழும் கிடையாது, பள்ளிப் பாடப் படத்தில் இடமும் கிடையாது.

எவ்வளவு கஷ்டமான வேலை பார். ஐசோலூசினுக்கும் வேலினுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன். வடிவத்தை மட்டும் வைத்துப் பிரித்தால் இருபதில் ஒருமுறையாவது ஏமாற வேண்டும் என்று 1950-களில் கணக்கிட்டார் லைனஸ் பாலிங். நடப்பில் பிழை மூவாயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. காரணம், ஐசோலூசினை ஏற்றும் நொதிக்குள் இரண்டு அறைகள் உண்டு. முதல் அறை பெரியதை உள்ளே விடாது. இரண்டாவது அறைக்குள் சிறியது மட்டுமே நுழைய முடியும். தவறி ஏறிவிட்ட வேலின் அங்கே போய் வெட்டுப்படும். வேடிக்கை என்னவென்றால், வளர்ந்த மனிதரின் ஹீமோகுளோபினில் ஐசோலூசின் ஓர் இடத்தில்கூடக் கிடையாது. உன் மற்றப் புரதங்களுக்கு அது வேண்டும் என்பதால் இந்தக் காவலைத் தளர்த்திவிடாதே.

காவலைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு 1962-ல் ஒரு சோதனை நடந்தது. சிஸ்டீனைச் சுமந்துகொண்டிருந்த கடத்து ஆர்என்ஏவை எடுத்து, இறக்கிவைக்காமலே அந்தச் சிஸ்டீனை வேதிமுறையில் அலனினாக மாற்றினார்கள். பிறகு ரைபோசோமிடம் அனுப்பினார்கள். சிஸ்டீன் வர வேண்டிய இடத்தில் அது மறுபேச்சில்லாமல் அலனினைக் கோத்துவிட்டது. அடுத்த ஆண்டு உன் ஹீமோகுளோபினிலேயே இதைச் செய்து காட்டினார்கள். ரேஷன் கடையில் கார்டைப் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்க மாட்டார்கள் அல்லவா? ரைபோசோமும் அந்த ரகம். ஆகவே தம்பி, சரிபார்க்க வேண்டியதை வாசலுக்கு முன்பே சரிபார்த்துவிடு. உள்ளே போனபின் கேட்பார் இல்லை.

கோர்க்கும் இடம்

ரைபோசோமை ரொம்பத்தான் மட்டம் தட்டிவிட்டேன் என்று வருத்தப்படாதே. அதுவும் லேசுப்பட்டது இல்லை. சின்னத் துண்டு, பெரிய துண்டு என்று இரண்டு பாகம். நான்கு ஆர்என்ஏ, சுமார் எண்பது புரதம். சின்னத் துண்டு தூது ஆர்என்ஏவின் தொப்பியருகே ஏறி, ‘ஏயுஜி’ என்ற சொல் தட்டுப்படும்வரை நகர்ந்து போகும். அங்கே மெத்தியோனினோடு கணக்கைத் தொடங்கும். பெரிய துண்டு மேலே வந்து உட்காரும். அதன்பின் ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஒரு கடத்து ஆர்என்ஏ உள்ளே வரும், சுமையைச் சங்கிலியில் சேர்க்கும், வெறுங்கையோடு வெளியேறும். நொடிக்கு ஐந்தாறு கண்ணி. பீட்டா சங்கிலிக்கு 146 கண்ணி. முதலில் வைத்த மெத்தியோனினைப் பிறகு கழற்றிவிடுவார்கள்.

உள்ளே வந்த மூன்றெழுத்து பொருந்துகிறதா என்பதில் மட்டும் ரைபோசோம் கறார். சிதம்பரத்தில் 1952-ல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் குழு, 2000-ஆம் ஆண்டில் ஒரு பாக்டீரியாவின் சின்னத் துண்டை அணு அணுவாகப் படமெடுத்தது. முதல் இரண்டு எழுத்துகளும் சரியாக இணைந்திருக்கின்றனவா என்று ரைபோசோமின் சொந்த ஆர்என்ஏ எழுத்துகளே வெளியே புரண்டு வந்து தடவிப் பார்ப்பது தெரிந்தது. மூன்றாவது எழுத்தில் கொஞ்சம் தாராளம் உண்டு. கண்ணியைக் கண்ணியோடு பிணைப்பதும் ஆர்என்ஏதான், புரதம் இல்லை என்பதை அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஸ்டைட்ஸ், பீட்டர் மூர் குழுவினரின் படம் காட்டியது. 2009 வேதியியல் நோபலை வெங்கி, ஸ்டைட்ஸ், அடா யோனத் மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். உன் பங்கு எங்கே என்று கேட்காதே.

ஒரு நகலுக்கு ஒரு ரைபோசோம் என்று சோம்பேறித்தனம் செய்யாதே. ஒன்று சற்று நகர்ந்ததும் அடுத்ததை ஏற்றிவிடு. அலெக்சாண்டர் ரிச், ஜொனாத்தன் வார்னர் குழு 1962-ல் முயலின் இளம் சிவப்பணுக்களைப் பிரித்துப் பார்த்தபோது ரைபோசோம்கள் பெரும்பாலும் ஐந்தைந்தாகவே கோத்துக்கொண்டு நின்றன. செலவையும் பார்த்துக்கொள். கண்ணிக்கு நான்கு உயராற்றல் பாஸ்பேட் பிணைப்பு: முதுகில் ஏற்ற இரண்டு, ரைபோசோமுக்குள் இரண்டு. ஒரு பீட்டா சங்கிலிக்கு 580-க்கு மேல் ஆகும். இரும்பைச் சுமக்கும் ஹீமுக்குத் தட்டுப்பாடு வந்தால் உனக்குள் இருக்கும் ஹெச்ஆர்ஐ என்ற நொதி எல்லா ரைபோசோமையும் தொடக்கத்திலேயே நிறுத்திவைக்கும். அதனோடு சண்டை போடாதே. சரக்கில்லாமல் சங்கிலி மட்டும் கோத்துக் குவித்தால் உனக்குத்தான் ஆபத்து. ஆல்ஃபாவும் பீட்டாவும் சமமாக வர வேண்டும் என்பதும் அதனால்தான். பீட்டா குறைந்தால் துணையில்லாத ஆல்ஃபா கட்டிதட்டி, தலசீமியாவில் செல்லை மஜ்ஜையிலேயே கொன்றுவிடும்.

முடிக்கத் தெரிந்திருப்பதும் முக்கியம். ஆல்ஃபா சங்கிலி ‘யுஏஏ’ என்ற சொல்லில் நிற்கும். அதன் முதலெழுத்து ‘சி’ ஆகிவிட்டால் அது ‘நிறுத்து’ என்பதற்குப் பதில் குளுட்டமின் என்று ஆகிவிடும். ரைபோசோம் மேலும் 31 கண்ணிகள் கோத்துக்கொண்டே போகும். 141-ல் முடிய வேண்டியது 172-ல் முடியும். மேடைப் பேச்சாளர்கள் பலருக்கும் இந்தக் கோளாறு உண்டு என்று கேள்வி.

கோத்த சங்கிலியை மடிப்பதில் உனக்கு அதிக வேலையில்லை. பெரும்பாலும் தானே மடங்கும். ஆல்ஃபாவுக்கு மட்டும் துணைக்கு ஒரு புரதம் வரும். எந்தக் கோணத்தில் மடங்கலாம், எந்தக் கோணத்தில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு 1963-லேயே வரைபடமாகப் போட்டுக் கொடுத்துவிட்டது. உலகெங்கும் புரத வடிவத்தைச் சரிபார்க்க இன்றும் அதைத்தான் விரிக்கிறார்கள்.

சொன்னதைச் செய்வதில் உள்ள சிக்கல்

இதுவரை சொன்ன யோசனைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டு நடந்த ஒரு செல்லின் கதை சொல்கிறேன். பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் ‘ஜிஏஜி’ இருக்க வேண்டும். குளுட்டமிக் அமிலம் வரும். அந்தச் செல்லுக்குப் பெற்றோர் கொடுத்த படிகள் இரண்டிலுமே ‘ஜியுஜி’ என்றுதான் நகல் வந்தது. பாலிமரேஸ் சரியாக நகலெடுத்தது. கத்தரி சரியாக வெட்டியது. சிந்தடேஸ் வேலினைச் சரியாக ஏற்றியது. ரைபோசோம் சரியாகக் கோத்தது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகி, செல் அரிவாள்போல் வளைந்தது. 1949-ல் பாலிங் குழு இதை மூலக்கூறின் நோய் என்று அறிவித்தது. வெர்னன் இங்கிராம் கேம்பிரிட்ஜில் 1956–57-ல் அந்த ஒரே கண்ணியைக் கண்டுபிடித்தார். உனக்குள் பிழை பார்க்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எல்லோரும் பார்ப்பது எழுத்து பொருந்துகிறதா என்று மட்டும்தான். எழுதியிருப்பது நியாயமா என்று கேட்க ஒருவரும் கிடையாது. என்னைக் கேட்டால் இந்த ஆலையின் மிகப் பெரிய குறை அதுதான். அதைச் சரிசெய்ய என்னிடமும் யோசனை இல்லை.

அப்படிப்பட்ட எழுத்து ஏன் இன்னும் அழியவில்லை? ஒரே ஒரு படியில் மட்டும் அது இருப்பவர்களை மலேரியா அவ்வளவு எளிதில் கொல்வதில்லை என்று ஆப்பிரிக்காவில் ஆந்தனி அலிசன் 1954-ல் காட்டினார். எங்கள் பக்கத்திலும் உண்டு. 1952-ல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இதைக் கண்டு எழுதினார்கள். தம்பி, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள். இதைப் படிக்கும் மனிதர்களிடம் ஒரு வார்த்தை. கணவன், மனைவி இருவருக்குமே ஒரு படியில் பிழை இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. பிழையைச் சுமப்பவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார் என்பதால் முகத்தைப் பார்த்துத் தெரியாது. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிற வீட்டில் ஒரு ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

காமாவைத் திறக்காதே என்று சொல்லியிருந்தேன் அல்லவா? அதை இப்போது மாற்றிக்கொள்கிறேன். 2023-ன் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒரு சிகிச்சைக்கு அனுமதி தந்தன. நோயாளியின் மஜ்ஜை மூல செல்களை வெளியே எடுத்து, காமாவை மூடிவைக்கும் பிசிஎல்11ஏவின் சுவிட்சைக் கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் வெட்டிவிட்டுத் திரும்ப ஏற்றுகிறார்கள். பூட்டு திறந்துகொள்கிறது, கருவில் படித்த காமா பக்கத்தைச் செல் மறுபடி படிக்கிறது, வளைவது குறைகிறது. ஆகவே பெரியவர்கள் மூடிய பக்கத்தைக் கிளறாதே, மருத்துவர் கிளறினால் தவிர.

அண்டவிடக் கூடாதவர்கள்

ஆமணக்கு விதையில் ரிசின் என்று ஒரு நஞ்சு உண்டு. ரைபோசோமின் பெரிய ஆர்என்ஏவில் ஒரே ஓர் ‘ஏ’யைப் பிடுங்கிவிடும், அவ்வளவுதான் அதன் வேலை, நிமிடத்துக்கு ஆயிரம் ரைபோசோமுக்கு மேல் படுத்துவிடும். பாட்டி கொடுத்த விளக்கெண்ணெயைக் குறை சொல்லாதே. நஞ்சு எண்ணெயில் இறங்காது, பிண்ணாக்கோடு தங்கிவிடும். தொண்டை அடைப்பான் நஞ்சு ரைபோசோமை நகர்த்தும் புரதத்தை முடக்கும். ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின் என்று மருந்துக்கடையில் விற்பவையும் ரைபோசோமைப் பிடிப்பவைதான். பாக்டீரியாவின் ரைபோசோம் உன்னுடையதிலிருந்து கொஞ்சம் வேறு மாதிரி இருப்பதால் நீ தப்பிக்கிறாய்.

ஓவர்டைம்

வேலை மும்முரமாக நடக்கும்போதே உன் உட்கருவை வெளியே தள்ளிவிட வேண்டும். அசல் போய்விடும், பக்கத்தில் காத்திருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற செல் அதை விழுங்கிவிடும். பதறாதே. கையில் இருக்கும் நகல்களை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு மூன்று நாள் கோர்க்கலாம். ரத்தத்தில் இறங்கிய பிறகும் ஒரு நாள் இந்த வேலை ஓடும். பிறகு நகல்களும் ரைபோசோமும் சிதைந்துவிடும். அதற்குமேல் ஏதாவது உடைந்தால் புதிதாகச் செய்து மாட்ட வழியில்லை. இருப்பதை வைத்துக்கொண்டு சுமார் 120 நாள் ஓட வேண்டும்.

அதன்பின் மண்ணீரல், கல்லீரல் பக்கம் உன்னைப் பிரித்துப்போடுவார்கள். சங்கிலிகள் அமினோ அமிலங்களாகும். இரும்பு மஜ்ஜைக்குத் திரும்பி அடுத்தவனுக்குப் போகும். உடலுக்கு ஒரு நாளில் வேண்டிய இருபது மில்லிகிராமுக்கு மேற்பட்ட இரும்பில் பெரும்பகுதி இப்படி ஓய்வுபெற்றவர்களிடமிருந்து வருவதுதான். சாப்பாட்டிலிருந்து உறிஞ்சுவது ஒன்றிரண்டு மில்லிகிராம். அதைக் காரணம் காட்டி முருங்கைக்கீரையை யாரும் தட்டில் ஒதுக்கிவைக்க வேண்டாம். அந்த ஒன்றிரண்டும் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.